முள் பாதிக்கு வந்தது

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று மதியம், நம் வண்டியிலேயே. எடை இரண்டு கிலோ இருநூறு. நானும் நலம், உங்கள் அக்காவும் நலம். இனி நிதானமாக மீதியைப் படியுங்கள்.

போன திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம் என்றார். முப்பத்தெட்டு நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைத்தார். குறைமாதக் குழந்தை, உடம்பில் சூடு நிற்காது, ஒன்றரை மணி நேரப் பயணம் முழுக்க வண்டிக்குள் வீட்டு அறையைப் போல வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முடியாதென்றால் பனி குறையும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார். பனி குறைய இன்னும் இரண்டு மாதம் ஆகும். வாடகை வண்டிக்காரர்கள் இந்த நாட்களில் கணவாயைத் தாண்டி வருவதில்லை. நம் வண்டியின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஹீட்டரை முழுசாகத் திருகினாலும் பக்கத்து அறையிலிருந்து யாரோ ஊதுகிற மாதிரிதான் காற்று வரும். நாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு சமாளித்தோம். அவளை அப்படிக் கொண்டுவர முடியாது.

கடைத்தெரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த ஆள் வண்டியில் ஏறி உட்காரக்கூட இல்லை. உள்ளே ஹீட்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது, டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உங்கள் அக்கா அங்கேயே நின்று, இந்தத் தகர டப்பாவை எப்போதோ தலைமுழுகியிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கேதான் கீழ்வீட்டு அண்ணன் பார்த்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக், எந்நேரமும் சட்டைப் பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்குமே, அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் எதையும் கழற்றவில்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே உள்ள தண்ணீர்த் தொட்டிவரை ஓட்டிப் போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னார். சாலையையும் வெப்பம் காட்டும் முள்ளையும் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாதாம். இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். முள் கால்வாசியைத் தாண்டவே இல்லை.

பிறகு பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். ‘ஒண்ணு சூடா, ஒண்ணு சில்லுன்னு இருந்தா அடைப்பு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு சொல்லும்மா’ என்றார். இரண்டும் ஒரே மாதிரி, ஆறிப்போன வெந்நீர் மாதிரி இருந்தன. அப்படியென்றால் ஹீட்டர் மேல் பழி இல்லை, அதற்கு வந்து சேரும் தண்ணீரே சூடாகவில்லை என்றார். மறுநாள் காலை என்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தோம். என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை அது குளிர்ந்தே இருக்க வேண்டுமாம். தண்ணீரை அந்தப் பக்கம் விடாமல் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு தடுத்து வைக்குமாம். நம் வண்டியில் ஐந்தே நிமிடத்தில் அந்தக் குழாய் வெதுவெதுத்துவிட்டது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கும் என்று சொல்லி, அன்று சாயங்காலமே புதிது ஒன்றை வாங்கி வந்து, வால்வு இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினார்.

உள்ளே எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். ‘சிக்கிக்கிறதுக்கு இதுல வால்வே இல்லையேம்மா. யாரு கழட்டினது?’ என்று கேட்டார்.

அத்தான், யார் கழற்றியது? வெயில் ஊரில் இருந்தபோது, உங்கள் சிநேகிதர் கல்யாணத்துக்குப் போகிற வழியில் வண்டி கொதித்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? சாலையோர மெக்கானிக் அந்த வால்வைப் பிடுங்கி எறிந்தார். இனி இது ஜென்மத்துக்கும் சூடாகாது என்று நீங்கள் பானெட்டைத் தட்டிக்கொடுத்தீர்கள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வண்டி உங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. எனக்கு வேலை மாற்றலாகி இந்தக் குளிருக்கு வந்து இரண்டு வருடமாகிறது, இருவரில் ஒருவருக்காவது உறைத்ததா பாருங்கள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்து உங்கள் அக்கா தண்ணீர் கொண்டுவந்தார்.

புது வால்வைப் போட்டு, கூலன்ட் நிரப்பி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார் அண்ணன். அன்றே ஒரு சுற்றுப் போனேன். முள் பாதிவரை ஏறி அங்கேயே நின்றது. டீசல் வண்டி மெதுவாகத்தான் சூடேறும் என்று அவர் சொல்லியிருந்ததால், நேற்று அவளை வெளியே எடுத்து வருவதற்கு முன் நானே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நர்ஸ் ஒரு தெர்மாமீட்டரைப் பின்சீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். நான் ஓட்ட, உங்கள் அக்கா பின்னால் குழந்தையோடு. மூன்று ஸ்வெட்டர் போட்டு வந்தவர் கணவாய்க்கு வருவதற்குள் இரண்டைக் கழற்றிவிட்டு, புழுங்குகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடைசி மூன்று கடிதத்திலும் வண்டியைப் பற்றி ஒரு பக்கம், அவளைப் பற்றி ஒரு வரி. எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. நேற்று அந்தச் சாலையில் வரும்போதுதான் புரிந்தது. போன வருடம் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு அதே சாலையில் நாம் வெறுங்கையோடு திரும்பினோம். ஒவ்வொரு தடவையும் இவளுக்குப் பெயர் கேட்டு எழுதினேன், நீங்கள் டயரைப் பற்றிக் கேட்டு எழுதினீர்கள். பெயர் வைத்துவிட்டால் இவளும் போய்விடுவாளோ என்று பயம் உங்களுக்கு. எனக்கும் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்றுவரை அவள் ‘குழந்தை’தான்.

இதை எழுதும்போது அவள் என் முழங்கையை ஒட்டிப் படுத்திருக்கிறாள். மூக்கு உங்களுடையது. கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் பதில் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளைக் கூப்பிடக் காத்திருக்கும்
உங்கள் மனைவி