உடுப்பு அளவு சரியாக இருக்கிறது

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அங்கே சளி பிடிக்காமல், தலையை ஒழுங்காகத் துவட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் என்னை மன்னித்துவிடு. கையில் போன் இருக்கும்போது எந்த அம்மா உட்கார்ந்து தாளில் எழுதுவாள் என்று நீ கேட்பாய், கேட்டுவிட்டுப் பதிலையும் நீயே சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் நீ பேசுவாய், அப்பா குறுக்கே பேசுவார், நான் 'ம்' போடுவேன், சொல்ல வந்ததைச் சொல்ல நான் வாயைத் திறக்கும்போது உன் படகு கிளம்பிவிடும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்த தைரியம்தான்.

நீ கேட்ட வெட்சூட், அதுதான் கடலுக்குள் முங்கும்போது போடுகிற அந்த ரப்பர் உடுப்பு, இந்தப் பார்சலில் இருக்கிறது, கடிதத்தை அதன் இடது காலுக்குள் வைக்கிறேன். பரீட்சை நடத்த வெளியிலிருந்து வருகிறவர் முன்னால் முங்கக் கற்றுக்கொடுக்கிற கடையின் ஓட்டை முழங்கால் உடுப்போடு நிற்க முடியாது, புதிது வாங்க வழியில்லை என்று நீ சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பகலெல்லாம் அந்தக் கடைக்காரருக்குக் காற்று சிலிண்டர் நிரப்பி, படகு கழுவி, அதற்குக் கூலியாகப் பாடம் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு ஓர் உடுப்பாவது முழுசாக இருக்க வேண்டாமா. இதை விற்ற பெண் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் பெற்றபிறகு அது தொடையைத் தாண்டவில்லை என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். ஜிப் வேலை செய்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தாய். நான் அளவையும் பார்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பெரியப்பாவும் உனக்குப் போன் செய்து, 'உங்கம்மா வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன், என்மேலயே சீறிடுச்சு' என்று சொன்னாராமே, நீயும் 'அம்மா, நீயா!' என்று கத்தி, உன் அறையில் இருக்கும் மற்ற மூன்று பெண்களையும் எனக்குக் கைதட்டச் சொன்னாய். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் கைதட்டல் எனக்கா உடுப்புக்கா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நீயே தீர்மானித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கோ அடுக்குமாடியில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அப்பாவுக்கு அழைப்பு வந்தது, பழுது பார்க்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வீட்டில் நான் மட்டும். உன்னோடு கடைக்குப் போனால் இன்னும் அக்கா தங்கையா என்று கேட்கிறார்கள், எனக்குப் பொருந்தினால் உனக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் யாருக்கு வெட்கப்பட்டேனோ தெரியவில்லை, நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்தேன். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி உள்ளே போகும் என்று வீடியோவில் வருகிற பெண் சொன்னாள், போனது. அதற்குப் பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி வருவதற்குள் கட்டிலில் உருண்டு, கீழேயும் ஒருமுறை விழுந்தேன். கடைசியில் முதுகுப் பக்கம் தொங்கிய நாடாவைப் பிடித்து இழுத்தேன், ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறிற்று. கண்ணாடியில் பார்த்தால் கடல்நாய்க்கு மூக்குக்கண்ணாடி மாட்டியது போல இருந்தேன். ஆனாலும் ஒரு கணம், நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிறகு கழற்றலாம் என்று நாடாவைக் கீழே இழுத்தால் ஜிப் என் பின்னங்கழுத்து முடியைக் கவ்விக்கொண்டு அசைய மறுக்கிறது. பலமாக இழுத்தேன், நாடா தனியாகக் கையோடு வந்துவிட்டது. அந்த வீடியோவில் போடுவதைத்தான் காட்டுகிறாள், கழற்றுவதைக் காட்டவே இல்லை. கண்ணு, இனிமேல் எதை அனுப்பினாலும் இரண்டையும் சேர்த்து அனுப்பு.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. அப்பாதான் என்று ஓடினேன், ஓடினேன் என்றால் பென்குயின் ஓடுகிற மாதிரி. கதவுக் கண் வழியாகப் பார்த்தால் பெரியப்பா, பெரியம்மா, பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய யாரோ ஒருவர். சத்தம் போடாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் பெரியம்மா வெளியிலிருந்தே, 'உள்ளதான் இருக்கா, கதவுக்குக் கீழ நிழல் ஆடுது பாருங்க' என்று சொல்லிவிட்டார். உள்ளே ஓடி இருப்பதிலேயே பெரிய நைட்டியை எடுத்து மேலே மாட்டிக்கொண்டேன், கை தெரிந்தது, அதற்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டர், கழுத்து தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு சால்வை, காலுக்கு சாக்ஸ். கதவைத் திறந்ததும் பெரியம்மா, 'என்னடி இது கோலம், குளிர்க்காய்ச்சலா?' என்று தோளைத் தொட்டார், தொட்ட கையை எடுத்துப் பார்த்தார், மறுபடி அழுத்திப் பார்த்தார். 'ஏங்க, இவ தோளு கல்லு மாதிரி இருக்குங்க, என்னடி சாப்பிடுறே?' என்றார்.

கழுத்துப்பட்டிக்காரர்தான் பெரியப்பா சொல்லிக்கொண்டே இருக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸின் மேனேஜர். உனக்கு அங்கே ஓர் இடம் காலியாம், ஏசி அறையாம், மாசம் பிறந்ததும் வந்து சேர வேண்டுமாம். உன் பரீட்சையோ அதற்குப் பிறகு. இப்போது கிளம்பி வந்தால் ஒரு வருஷமாக நீ கழுவின படகும் நிரப்பின சிலிண்டரும் கடலோடு போயிற்று. அப்பாவிடம் இன்றைக்கே சரி என்று வாங்கிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் மூவரும் வந்திருந்தார்கள், அப்பாவோ அண்ணன் எதிரில் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். இதெல்லாம் புரிந்து எனக்குப் பகீரென்றது, ஆனால் அந்த உடுப்புக்குள் பகீரென்று ஆகக்கூட இடம் இல்லை. தேநீர் போடப் போனேன். நடக்கும்போது தொடையும் தொடையும் உரசிக் கிறீச் கிறீச் என்று சத்தம். பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலிக்கு அடியில் பார்த்தார். 'வீட்ல எலி இருக்கா?' என்று கேட்டார். நான் நின்றேன், சத்தம் நின்றது. நடந்தேன், வந்தது. மேனேஜர் இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலிக் குறுக்குக்கட்டையில் வைத்துக்கொண்டார். தட்டை மேசையில் வைக்கக் குனிய முடியவில்லை, அதனால் நெஞ்சுக்கு நேராகத் தட்டை நீட்டிக்கொண்டே நின்றேன், ஒவ்வொருவராக எழுந்து வந்து, பரிசு வாங்குவது போல இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். 'உட்காரும்மா' என்று பெரியப்பா எத்தனை தடவை சொன்னாலும் நான் உட்காரவில்லை, மடங்கினால்தானே உட்கார. ஃபிரிட்ஜ் பக்கத்தில் இரண்டு கையும் உடம்பில் ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றேன். முகம் சிவந்து, வேர்வை தாரையாகக் கொட்ட, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். பாவம், லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுத்த சந்தோஷத்தில் வந்தவர், கூடத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. 'பொண்ணு அங்க என்னதான் சார் படிக்குது?' என்று மேனேஜர் கேட்டார். அப்பா வாயைத் திறக்கும் முன், 'தண்ணிக்குள்ள முங்கறதுக்குச் சொல்லிக் குடுக்கிற படிப்பாம், எருமை மாடு பரீட்சையே எழுதாம முங்குது' என்று பெரியப்பா சொல்லிச் சிரித்தார். பிறகு தன் போனை எடுத்து அப்பா கையில் வைத்து, 'இப்பவே கூப்புடுடா அவளை, கெளம்பி வரச் சொல்லு, அண்ணன் சொன்னேன்னு சொல்லு' என்றார். அப்பா என்னைப் பார்க்காமல், 'சரிண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று விரலால் உன் எண்ணைத் தேட ஆரம்பித்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. 'கூப்பிடாதீங்க' என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். அதற்கு மேல் மூச்சு வரவில்லை, சுவரைப் பார்த்தபடி கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, 'பரீட்சை இருக்கு' என்றேன். மறுபடி மூச்சு சேர்த்துக்கொண்டு, 'முடிச்சிட்டுத்தான் வருவா' என்றேன். நிறைய சொல்ல வேண்டும் என்று இருந்தது, அந்த ரப்பர் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. 'ஏம்மா, எம்மேல கோவமா?' என்று பெரியப்பா குரல் இறங்கிக் கேட்டார். 'இல்ல' என்றேன். அந்த ஒற்றை இல்லைதான் அவரை ரொம்ப பயமுறுத்தியதாம், அப்பா பிறகு சொன்னார். கழுத்து முடி ஜிப்பில் இழுத்துக் கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. பெரியம்மா அதைப் பார்த்து, 'எந்திரிங்க, போலாம், இவ முகமே சரியில்ல' என்று பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேனேஜர் மட்டும் வாசல் வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். படியிறங்கும்போது, 'பொண்ணு கெடக்கட்டும் சார், இந்தம்மா வேலைக்கு வருவாங்களான்னு கேளுங்க, பாக்கி வசூலுக்கு இவங்க சும்மா போய் நின்னாலே போதும்' என்று பெரியப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டு அப்பா அந்தப் பக்கமே திரும்பி நின்றார். 'எம்மேலயும் கோவமா?' என்றார். 'ஜிப்பு' என்றேன். சால்வையை எடுத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நீ பார்த்திருக்க மாட்டாய், சத்தமே இல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிஃப்டில் மாட்டியவர்களிடம் சொல்கிற அதே குரலில், 'பதறாதீங்க, உள்ள காத்து இருக்கு, எடுத்துடலாம்' என்றார், நாற்பத்தொரு வயதில் எனக்கு முதல்தடவையாக அவரிடமிருந்து வாங்க போங்க. தண்ணீர் உள்ளே போனால் ரப்பர் தோலை விடும் என்று சொல்லி உடுப்போடு என்னைக் குளியலறைக் குழாயின் கீழ் நிறுத்தினார். கொஞ்சம் சோப்பு நுரை, கொஞ்சம் முடி நஷ்டம், ஜிப் இறங்கிவிட்டது. அறுந்த நாடாவுக்குப் பதிலாக அவரே ஒரு கயிறு கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறார், லிஃப்டே தொங்கினாலும் அறுந்துபோகாது என்கிறார், பயப்படாமல் இழு. சாயங்காலம் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே, 'நானும் அண்ணன்கிட்ட அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன், எங்கிட்ட அந்த மாதிரி டிரெஸ் இல்ல' என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருக்கும்போது மனசு கேட்கவில்லை. உடுப்பு பேசியதை நானும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டாமா. சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று, சாதாரண உடையில், முழு மூச்சோடு பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். நேற்று மரியாதைக் குறைவாக நின்றதற்கு மன்னிக்கச் சொன்னேன், ஆனால் சொன்னது சொன்னதுதான், பரீட்சை முடிகிறவரைக்கும் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னேன்.   அவர், 'சரிம்மா, முடிக்கட்டும். அந்த எலியைப் புடிச்சீங்களா?' என்றார். ஆகவே நீ இங்கே வருவதைப் பற்றி யோசிக்காதே. யாரும் கூப்பிட மாட்டார்கள். படி.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியது நான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நான் மேடைக்குப் போகவே இல்லை, பட்டம் தபாலில் வந்தது, அதன் ஒரு மூலையைப் பல் முளைக்கும் வயதில் நீ கடித்துத் தின்றாய். நீ அப்படி இருக்காதே, அவர்கள் கூப்பிட்டால் முன்னால் போய் நின்று வாங்கு. முட்டையும் ரொட்டியுமே மூன்று வேளையும் என்று சொல்லாதே, நடுவில் ஒரு பழமாவது சாப்பிடு. சளி இருக்கும்போது வீம்புக்கு இறங்காதே, காது போய்விடும் என்று நீதான் சொன்னாய். மேலே வரும்போது மெதுவாக வர வேண்டும் என்கிற உங்கள் சட்டத்தை அப்பா ரொம்ப மெச்சுகிறார், லிஃப்டுக்கும் அதுதானாம். உடுப்பை நன்றாக அலசி நிழலில் காயப்போட்டேன், இருந்தாலும் போடுவதற்கு முன் நீயும் ஒருமுறை அலசிவிடு, உள்ளே என் வேர்வை ஒரு வாளி இருக்கும். நீ நன்றாக இரு, நினைத்தது நடக்கட்டும், எங்கள் இருவரின் ஆசியும் உன் கூடவே தண்ணீருக்குள்ளும் வரும்.

இதோடு முடிக்கலாம் என்றுதான் பேனாவை மூடினேன், திரும்பத் திறந்திருக்கிறேன். அன்றைக்குக் குழாயடியில் ஜிப் இறங்கிய பிறகும் நான் உடனே வெளியே வரவில்லை. உடுப்புக்குள் தண்ணீர் நிறைந்து, அது என்னை இறுக்குவதை விட்டுவிட்டு லேசாகப் பிடித்துக்கொண்டு இருந்தது. அப்பா வெளியிலிருந்து ஏதோ கேட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, பதில் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கதவிடுக்கில் கையை நீட்டி, நீ சொல்லிக் கொடுத்த மாதிரி விரலை வளையமாக்கி, எல்லாம் சரி என்று காட்டினேன். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. தண்ணீருக்குள் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது, நீகூட அங்கே வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னாயே. அப்படி ஓர் இடத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்கு நீந்தத் தெரியாது. ஆழம் வேண்டாம், கால் எட்டுகிற இடம் போதும். பரீட்சையில் தேறி நீ வாத்தியாராகி முதல் வகுப்பு எடுக்கும்போது, அது எந்த வருஷமானாலும் சரி, பின்வரிசையில் எனக்கு ஓர் இடம் வைப்பாயா?

இப்படிக்கு,
அளவு சரியாக இருக்கும்
உன் அம்மா