ஏய்ரிக்குக்குக் கொடுத்த ரோல்ஸ்

யூன் 14, ஞாயிறு

பேஸ்போலில் நான் மாற்றுப் பந்தெறிபவன். ஏய்ரிக் களைத்தால்தான் என்னை இறக்குவார்கள். அவன் களைப்பதே இல்லை. இந்தப் பருவம் பந்தைத் தேய்த்ததைவிட உட்கார்ந்து வாங்கைத் தேய்த்ததே அதிகம். அதனால் இன்று கடைசிச் சுற்றுக்கு முன் அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸ் ஒன்றுக்குள் பச்சை மிளகாயைப் பிய்த்துத் திணித்து அவனிடம் நீட்டினேன். இரண்டு கடியில் தண்ணீர் தேடி ஓடினான். பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

போய் நின்றதும் வியர்வையைத் துடைத்தேன். மிளகாய்க் கை கண்ணில் பட்டது. ஒற்றைக் கண்ணோடு எறிந்தே மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தேன். வென்றோம்.

திரும்பும் ரயிலில், நாங்கள் இறங்கும் புருசெத் நிலையம் வரும்வரை, ஆட்டம் பார்க்க வந்திருந்த அம்மா சித்தியோடு போனில். "ஓமடி, இறக்கினதும் பிள்ளை சந்தோசத்திலை அழுதிட்டான்."

அப்போது ஏய்ரிக்கின் செய்தி வந்தது. "நீ ஏன் அழுதாய் என்று தெரியும். அடுத்த கிழமை பத்து ரோல்ஸ். இல்லாவிட்டால் உன் அம்மாவிடம் சொல்வேன்."

பத்தையும் பொரிக்கப்போவது அம்மாதான். ஏன் என்று கேட்பா. கண் இன்னும் எரிகிறது.