போஸ்டரில் இருக்கும் அண்ணன்

மார்ச் 4
குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிற ஆள் ஒரு மோசடிக்காரன். பதினோரு வருடத்துக்கு முன் எடுத்த அண்ணனின் படத்தைக் கொடுத்து, போஸ்டரில் போடச் சொல்கிறான். எதிராளிப் பையனின் படம் போன வாரம் எடுத்தது. இருபத்தாறு வயது அண்ணனும் இந்தப் பையனும் எந்த ரிங்கிலும் சந்திக்க முடியாது. அந்தச் சண்டைக்குத்தான் டிக்கெட் விற்கிறான். போஸ்டர் அடிப்பது நான். அச்சகத்தில் என் வேலை அது.

மார்ச் 6
சாப்பிடும்போது எங்கள் பழைய விளையாட்டு. இரண்டு ஹெவிவெயிட் வீரர்கள், ஆளுக்கொரு வயது. யார் ஜெயிப்பார்? வயதைச் சொல்லாவிட்டால் ஆட்டம் செல்லாது.

இன்று அண்ணனின் பழைய எதிரிகள் இருவர்: இருபத்தெட்டு வயது ‘கொக்கு’, முப்பத்திரண்டு வயது ‘கருங்கல்’. உருளைக்கிழங்குத் துண்டுகளைத் தட்டில் நகர்த்தி மோதவிட்டான்.

“கொக்குதான். ஆறாவது ரவுண்டு. கருங்கல்லுக்கு அப்பவே முழங்கால் போச்சு.”

தோற்ற துண்டு என் தட்டுக்கு வந்தது.

மார்ச் 9
கண் மருத்துவர் சொல்லிவிட்டார்: இடது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, இன்னொரு பலமான அடி விழுந்தால் மிச்சமும் போகும். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். வெளியே வந்து, “டாக்டர் ரெண்டு ரவுண்டுகூட தாங்க மாட்டாரு” என்றான். சிரித்துவிட்டேன். என் மேலேயே எரிச்சல்.

போட்டிக்கான உடல்தகுதிச் சான்றிதழில் வேறொரு மருத்துவர் ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அண்ணன் வேலை பார்க்கும் கிடங்கில் ஒருவனுக்குக் கண் போனால் விபத்து. ரிங்கில் போனால் கைதட்டல்!

மார்ச் 10
ஏன் போகிறாய் என்று கேட்டேன். “ஒரு தடவ மைக்ல என் பேரச் சொல்லுவாங்கல்ல” என்றான். கிடங்கில் எல்லோருக்கும் அவன் வெறும் ‘பெரிசு’.



மார்ச் 12
கிடங்கு வாசலில் அவனைப் படமெடுத்தேன். நரைத்த தாடி, பாதி மூடிய இடது இமை, என்னைப் பார்த்த சிரிப்பு. போஸ்டரில் அதையே போட்டேன். கீழே வயது: 37, 23. நானூறு பிரதிகள்.

மார்ச் 13
ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. அந்த ஆள் அச்சகத்துக்கே வந்து கத்தினான். முதலாளி என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். போகட்டும்.

ஆனால் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அவன் முகத்தை எடுத்து ஊருக்குக் காட்டியதில் நான் மட்டும் என்ன யோக்கியம்?

மார்ச் 14
பேருந்து நிறுத்தத்தில் போஸ்டர் முன்னால் நின்றான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

“இதுல யாரு ஜெயிப்பா?”

“நீயே சொல்லு.”

“பையன்தான். மூணாவது ரவுண்டு. இந்தப் பெரிசுக்கு இடது பக்கத்துலேர்ந்து வர்றது தெரியாது.” இன்னும் கிட்டே போய்ப் பார்த்து, “ஆனா போட்டோல நல்லாத்தான் இருக்கேன், இல்ல?”

“ரொம்பத்தான் உனக்கு” என்றேன்.

மார்ச் 16
வரமாட்டேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டான். போட்டிக்காரர்கள் நம்பவில்லை. இதுவரை ஒரு போட்டியைக்கூட அவன் விட்டதில்லை.

மார்ச் 21
போட்டி நாள். மொட்டை மாடியில் நானும் அவனும் போர்வை துவைத்தோம். கீழே கார் வந்து நின்றது. ஹார்ன். அண்ணன் ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். அவன் முறுக்கிய வேகத்தில் நானே சுற்றிவிட்டேன். சிரித்தான்.

கீழிருந்து அந்த ஆள் கத்தினான்: “ஜனம் காத்துக்கிட்டிருக்கு. வருவியா மாட்டியா? எட்டிப் பாத்து ஒரு பதிலாவது சொல்லு.”

அண்ணன் வாளியிலிருந்து அடுத்த போர்வையை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.