அடுப்புத் தம்பிக்கு என் வாக்குமூலம்

அன்புள்ள அடுப்புத் தம்பி,

உன்னை இப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். உன் பெயர் இசக்கிராஜ் என்பதே எனக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்று வருஷமாக உன் குரலைக் கேட்டுக்கொண்டே ஜாக்கெட் தைத்தவளுக்கு, நீ செத்த பிறகுதான் உன் பெயர் தெரிகிறது என்றால் அது என்ன பாசம், சொல்.

நான் செண்பகம். குத்துக்கல்வலசையில் தையல் கடை. உன் வீடியோக்களுக்குக் கீழே 'குத்துக்கல் அக்கா' என்ற பெயரில் கமெண்ட் போடுகிறவள். ஒரு நாள் நான் வரவில்லை என்றதும் அடுத்த வீடியோவில், "எங்க நம்ம குத்துக்கல் அக்காவைக் காணோம், காய்ச்சலா?" என்று விசாரித்தாயே, அந்த அக்கா. இதை நீ படிக்கமாட்டாய். உன்னைப் பார்த்துச் சொல்வதாக எழுதினால்தான் பொய் வராது என்று உனக்கே எழுதுகிறேன். நம் ரசிகர் கூட்டமும் படிக்கட்டும்.

'ரெண்டு பேர் ஒரு அடுப்பு'. என்ன அழகான பேர் வைத்தீர்கள் சேனலுக்கு. முகமே கிடையாது. ஒரு அடுப்பு, நாலு கை, ரெண்டு குரல், அவ்வளவுதான். நீ அவளை "ஏட்டி" என்பாய், அவள் உன்னை "வே" என்பாள். சொதி வைத்த அன்றைக்கு நீ தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டுத் திரிந்துபோக, "கல்யாண வீட்டுல இப்படி வச்சேருன்னா மாப்பிள்ளையை அங்கனயே கட்டி வச்சு உரிச்சிருப்பாவ" என்று அவள் சொன்னாள். நான் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டின புருஷன் சொல்லுகிற எதற்கும் இவளுக்குச் சிரிப்பு வராது என்று புலம்பிக்கொண்டே போனார்.

நீங்கள் ஏன் முகம் காட்டவில்லை என்று எங்களுக்குள் ஒரே ஆராய்ச்சி. கூச்சம் என்றார்கள் சிலர். அரசாங்க வேலை, மேலதிகாரிக்குத் தெரியக்கூடாது என்றார்கள் சிலர். எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குப் பெரிய விளையாட்டு. மழைச்சத்தம், பஸ் ஹாரன், பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர் எதையும் விடமாட்டோம். உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறீர்கள் என்பது மட்டும் ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை. அவள் பெயர் சுபா, அவள் வீட்டில் வயலும் அரிசி ஆலையும் உண்டு, உன் அப்பா அந்த வயலில் நாற்று நட்டவர், அந்த வீட்டுப் பெண்ணை நீ கட்டிக்கொண்டு வந்துவிட்டாய் என்பதெல்லாம் பிறகு தெரிந்ததுதானே.

போன ஆனி மாதம், சாரல் ஆரம்பித்த சமயம். நீ பலாக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாய். புகை போகட்டும் என்று சுபா ஜன்னலைத் திறந்தாள். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, மூடிவிட்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பின்னால் மேகம் இறங்கிய குற்றாலமலை, கீழே வாய்க்கால், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்த பாலம். இலஞ்சியில் என் சித்தி வீட்டுக்குப் போகிற வழி அது. சின்ன வயசில் அந்தப் பாலத்திலிருந்து சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

உடனே கமெண்ட் போட்டேன். "தம்பி, இது இலஞ்சி வாய்க்கால் பாலம்தானே? கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா." அரைமணி நேரத்தில் அது காணாமல் போனது. நீ அழித்துவிட்டாய்.

அடுத்த வீடியோவில் பொதுவாகச் சொன்னாய். "அக்காமாரே, அண்ணாச்சிமாரே, ஊரு பேரு மட்டும் எழுதாதிய. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்." இப்போது கேட்டால் அந்தக் குரல் நடுங்குவது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் என்னைத் திட்டிவிட்டதாகத்தான் கேட்டது. இத்தனை வருஷம் உனக்காக மற்றவர்களோடு சண்டை போட்டவள் கமெண்டையா அழிக்கிறாய் என்று ஆத்திரம். என் கோபத்தைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் தடவை நான் எழுதியது விளையாட்டு. ரெண்டாவது தடவை எழுதியது வீம்பு. நீ திரும்பிப் பார்க்காத ஒரு பழைய வீடியோவாகத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே எழுதினேன். இலஞ்சி வாய்க்கால் பாலம், தாண்டினால் ரெண்டாவது ஓட்டு வீடு, வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்று எழுதினேன். ஓட்டு வீடு என்பது உன் அடுப்படிக் கூரையைப் பார்த்தே தெரியும். ரெண்டாவது என்பதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். ஆமாம் தம்பி, அதற்காகவே பஸ் ஏறிப் போனேன். வேலியில் கிடந்த கத்திரிப்பூ நிறத் துண்டு, வீடியோவில் நீ கை துடைக்கிறதுதான் என்று தெரிந்தது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

அதற்கு ஒரு பதில் வந்தது. பெயர் 'சுரண்டை மல்லி'. படத்தில் மல்லிகைப்பூ. தானும் பெரிய ரசிகை என்றும், இவர்களைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்றும் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டு பேரும் சேர்ந்து போவோமா அக்கா, பாலத்தில் நில்லுங்கள் என்றாள். பச்சைச் சேலையில் நிற்பேன் என்று நான் பதில் போட்டேன். எனக்குச் சந்தோஷம். நேரில் போய் உன்னை உரிமையோடு நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அடுப்பிலிருந்து சட்டி இறக்க நான் தைத்த கைப்பிடித் துணியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

பாலத்தில் நின்றேன். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவனுக்கு இருபத்தைந்து வயசிருக்கும். சிரித்த முகம். நான் மல்லியோட அண்ணன், அவள் வண்டிக்குள் இருக்கிறாள் என்றான். பிறகு கேட்டான்.

"வீடு எதுக்கா?"

நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"ரொம்ப நன்றிக்கா" என்றான்.

காரிலிருந்து இன்னும் ரெண்டு பேர் இறங்கினார்கள். மல்லி என்று யாரும் இறங்கவில்லை. மூன்று பேர் கையிலும் அரிவாள். என்னைத் தாண்டித்தான் ஓடினார்கள். ஒருவன் தோள் என்மேல் இடித்தது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிய அவர்கள் கதவை உதைத்துத் திறக்கிற நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

உன் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது நீதான் என்று முகத்தை வைத்துத் தெரியவில்லை. கையை வைத்துத் தெரிந்தது. இடது மணிக்கட்டில், வீடியோவில் தினமும் பார்த்த அந்தத் தீக்காயத் தழும்பு. அந்தக் கையைத்தான் தலைக்கு மேலே தூக்கித் தடுத்தாய். முதல் வெட்டு அதில் விழுந்தது. ரெண்டாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். எலும்பில் இரும்பு படுகிற சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. துணி வெட்டும்போதுகூடக் கத்தரிக்கோலைப் பாதியில் கீழே வைத்துவிடுகிறேன்.

சுபா அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி, வந்த மூவரில் ஒருவனான அவள் மாமன் மேல் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு வாசலில் புரண்டான். சிரித்த முகத்துக்காரன், அவள் கூடப் பிறந்தவன், அவள் முடியைப் பிடித்து இழுத்து அரிவாளை ஓங்கினான். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் என் வயிற்றில் மிதித்தான், முழங்கையால் முகத்தில் குத்தினான். நான் விடவில்லை. வாய் முழுக்க அவன் ரத்தம். அந்த நேரத்தில் என் கையில் அரிவாள் இருந்திருந்தால் அவனைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பேன். அரிவாள் கீழே விழுந்த பிறகுதான் பல்லை எடுத்தேன். வயலில் நின்ற ஆட்கள் கூச்சலிட்டு ஓடிவர, நீங்கள் வீடியோ எடுக்க நிறுத்தியிருந்த ஃபோனை வாய்க்காலில் வீசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஆட்டோவில் உன் தலை சுபா மடியில், கால் என் மடியில். பச்சைச் சேலை கறுத்துப்போனது. தென்காசி போகிற வழியில் நீ கண்ணைத் திறந்தாய்.

"ஏட்டி, அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சிட்டேன் வே" என்றாள் சுபா. அணைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது நீ இல்லை.

அதற்குப் பிறகு சுபாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உன் அம்மா வீட்டில் தங்கினால் அவர்களையும் வெட்டுவார்கள் என்று பயந்தாள். என் கடையில் உட்கார்ந்து ஊக்கு தைப்பாள். அக்கா அக்கா என்று என்மேல் உயிராய் இருந்தாள். தற்செயலாகப் பார்க்க வந்த ரசிகை, தன் உயிரைக் காப்பாற்றியவள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். அவளுக்குச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

உன் கடைசி வீடியோவுக்குக் கீழே நம் கூட்டம் இன்னும் அழுதுகொண்டிருக்கிறது. யாரோ ஊரைச் சொல்லிவிட்டதுதான் காரணம் என்று செய்தி பரவியதும் எல்லோரும் அந்த ஆளைச் சபித்தார்கள். நாசமாய்ப் போவாள், புழுத்துச் சாவாள் என்று எழுதினார்கள். நானும் எழுதினேன் தம்பி. 'அவள் கை அழுகணும்' என்று என் பெயரிலேயே எழுதினேன். அதற்கு எத்தனை பேர் லைக் போட்டார்கள் தெரியுமா?

போன மாதம் ஒரு கூட்டம் கேமராவோடு உன் வாசலுக்கு வந்தது. கொலைக் கதை சொல்லுகிற சேனலாம். ஒருவனைக் கீழே கிடத்தி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, நீ செத்ததை நடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி ஃபோன் பண்ணினாள். கடையிலிருந்த மர ஸ்கேலோடு போனேன். கீழே கிடந்தவன் முதுகில் விழுந்த அடியில் நிஜமாகவே அழுதான். அடித்துவிட்டு வந்த பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அது எவ்வளவு வெட்கக்கேடு என்று அப்புறம்தான் உறைத்தது. உன் வீட்டுக்கு வழி தெரிந்து வந்த முதல் கூட்டம் அவர்களா என்ன?

இப்போது வழக்கு விஷயம். பேசித் தீர்க்கத்தான் போனோம், அவன்தான் முதலில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினான், கைகலப்பில் நடந்துபோனது என்று எதிர்த்தரப்பில் சொல்கிறார்கள். மாமன் தன் வெந்த முதுகைக் காட்டுகிறானாம். அரிவாள் கொண்டுவந்ததற்கும் தோப்பு வேலை என்று ஒரு கதை. திட்டம் போட்டு வந்தார்கள் என்று காட்ட ஏதாவது கிடைத்தால் தேவலை என்று நம் பக்கத்து வக்கீல் சொல்லியிருக்கிறார். சுபா அதைச் சொல்லிவிட்டு, ஊக்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த ஆதாரம் என் ஃபோனில் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பழைய வீடியோவுக்குக் கீழே மல்லி எழுதியது, நான் எழுதியது எல்லாம் வரிக்கு வரி இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "அழிச்சிரு. ஊரே உன் மூஞ்சில துப்பும்" என்றார். நான் அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. தினமும் எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். பிறகு சுபா சொந்தக்காரன் ஒருவன் கடைக்கு வந்தான். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான்.

"நீங்க எழுதுனதெல்லாம் எங்ககிட்டயும் இருக்கு. வாயைத் தொறந்தியன்னா நீங்களும் கூண்டுல நிக்கணும், பாத்துக்கிடுங்க" என்றான்.

மிரட்டாமல் கெஞ்சியிருந்தால் ஒருவேளை அழித்திருப்பேன். என் யோக்கியதை அவ்வளவுதான். கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததும் அவன் படியிறங்கி ஓடினான். பெட்டியை அணைத்துவிட்டு, சுபா வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்ததும் ஃபோனைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். 'பச்சைச் சேலையில் நிற்பேன்' என்ற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். பிறகு அறைந்தாள். ரெண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள். கீழே விழுந்தேன், மேலே ஏறி உட்கார்ந்து நெஞ்சில் குத்தினாள். விலக்க வந்த வீட்டுக்காரரை நான்தான் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் கை ஓய்ந்த பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஃபோனை என் பக்கம் தள்ளினாள்.

"இதை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வருவியளா?"

வருவேன் என்றேன்.

"கோர்ட்டுல சொல்லுவியளா?"

சொல்லுவேன் என்றேன்.

"சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க மூஞ்சில நான் முழிக்கமாட்டேன்."

அன்றைக்கே ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் போனோம். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்மேல் வழக்கு வருமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். சுபா அங்கிருந்தே உன் அம்மாவோடு போய்விட்டாள். அவர்கள் வீட்டு வாசலில் இப்போது போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள்.

நம் கூட்டத்துக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடிச் சபித்துக்கொண்டிருந்தவள் நான்தான். இனி ஆள் தேட வேண்டாம்.

தம்பி, அடுத்த மாதம் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். மல்லி பேசினதைச் சொல்வேன், அரிவாளைச் சொல்வேன், யார் எந்த வெட்டு வெட்டினான் என்று சொல்வேன். அவர்கள் வக்கீல், வேண்டாம் என்று அவன் கும்பிட்டுக் கேட்ட பிறகும் ஏன் எழுதினாய் என்று கண்டிப்பாகக் கேட்பார். தெரியாமல் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லமாட்டேன். என் கமெண்டை அழித்துவிட்டான் என்ற கோபத்தில் எழுதினேன் என்று சுபா காதில் விழும்படி சொல்வேன். உனக்கு நான் கொடுக்க முடிந்த வாக்கு இது ஒன்றுதான்.

உன்னைக் காட்டிக்கொடுத்த அக்கா,
செண்பகம்,
குத்துக்கல்வலசை.