தொட்டுவிட்டு ஓடி வந்தவள்

மைதானத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, வீட்டில் மட்டும் வாயே திறக்காத என் அருமை அண்ணனுக்கு,

மஞ்சு வந்துவிட்டாள். முதலில் இதைத்தான் சொல்லவேண்டும். உன் மகள் நேற்று மதியம் ஓசூர் வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "அத்தை, பசிக்குது, களி கிண்டினியா?" என்று கேட்டாள். ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தயாராக இருந்தன. இத்தனை வருடம் ஜெர்மனிக் குளிரில் ரொட்டியைக் கடித்தவள், பழக்கம் விடாமல் களியை மெல்லாமலே விழுங்கினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள் மஞ்சு. விரிசல் விட்ட பாகங்களைக் கழிக்கச் சொன்னாள். மேலே இருந்தவர்கள் நல்ல பாகங்களோடு கலந்து அனுப்பச் சொன்னார்கள். மேலாளரிடம் சொன்னாள், அவருக்கு மேலே இருந்தவரிடமும் சொன்னாள். யாரும் காது கொடுக்கவில்லை என்றதும், அந்தப் பாகங்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கே சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவள் ஏறும் கம்பெனி பஸ்ஸின் பின்னாலேயே ஒரு பைக் வர ஆரம்பித்தது. தெரியாத நம்பர்களிலிருந்து போன் வந்தது. ஒருநாள் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

நம் தெருவுக்கு அது பெரிய விருந்து. "பொண்ணு ஓடிப்போயிட்டாளாமே, யாரோட?" என்று கோடி வீட்டம்மா கேட்டதற்கு, "பாஸ்போர்ட்டோட" என்று நீ சொன்னாயே, அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் உள்ளே நீ சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். காலையில் காபி குடிக்கும்போதெல்லாம் நமக்கு இதே வழக்குத்தான். "சரின்னு பட்டா நின்னு சண்டை போடணும். குண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓடறது என்னா வீரம்?" என்பாய். விளையாட்டு வாத்தியார் வேறு எப்படிப் பேசுவார்?

நான் அறிவியல் டீச்சர், உதாரணம் இல்லாமல் என்னால் பேச முடியாது. ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி இருக்கிறதே, அதைச் சொல்வேன். ஆள் நடமாட்டம் கண்டதும் அது கத்திக்கொண்டே மேலே எழும்பும். தரையில் நின்றபடி கத்தினால் அதன் கதை முடிந்தது. பறந்துகொண்டே கத்துவதால்தான் ஏரி முழுக்கச் சேதி போகிறது. அதைக் கோழைப் பறவை என்று யாராவது சொன்னதுண்டா? கத்தாமல் பறந்திருந்தால் அது வேறு.

"குருவிக்கு அப்பன் இல்ல, சரோஜா" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விடுவாய்.

பிறகு நீ கண்ணை மூடிவிட்டாய். வரவேண்டாம், இன்னும் ஆபத்து இருக்கிறது என்று தொழிற்சாலை வழக்கைப் பார்க்கும் வக்கீல் தடுத்ததால், உன் முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தாள் மஞ்சு.

நேற்று சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அத்தை, அப்பா கடைசி வரைக்கும் என்னைக் கோழைன்னுதான் நெனச்சாரா?"

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் செல்லாது, அண்ணா. விரிசலைக் கண்டுபிடிப்பதுதானே அவள் தொழில்! "தெரியலம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ரத்னா. அதே தொழிற்சாலையில் பாகங்களுக்கு மெருகு போடும் ரத்னாதான். விஷயம் வெளியே வந்து தொழிற்சாலையைச் சில மாதம் மூடியபோது, வேலை போன ஆத்திரத்தில் நம் குடும்பத்தையே திட்டித் தீர்த்தவள்.

"வந்துட்டியா மகராசி! நீ பறந்துட்ட, நாங்க பஸ் ஸ்டாண்டுல நின்னோம்" என்றாள்.

"ஆமாக்கா. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அதான் போனேன்" என்றாள் மஞ்சு. ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

ரத்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதத்தான் உங்கப்பாரும் சொன்னாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் ஒருநா இங்க வந்து மண்ணை வாரித் தூத்துனேன். டீச்சர் அப்ப தளி ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. உங்கப்பாரு பேசாம காபி போட்டுக் குடுத்தாரு. அப்புறம் கேட்டாரு, 'ரத்னா, நீ கபடி பாத்திருக்கியா?'ன்னு."

மஞ்சு தட்டைக் கீழே வைத்தாள்.

"'பாடிப் போறவன் எதிராளியத் தொட்டுட்டு என்னா பண்ணுவான்? அங்கியே நின்னு மீசைய முறுக்குவானா? நின்னா அமுக்கிப் போட்ருவாங்க, தொட்டது வீண். மூச்சு அறுந்து போறதுக்குள்ள ஓடியாந்து கோட்டத் தொடணும். அப்பதான் பாயிண்டு. என் பொண்ணு பயந்துகிட்டுத்தான் ஓடுனா. ஆனா தொட்டுட்டு ஓடுனா'ன்னாரு. அதுக்கப்புறம்தான் நானும் போலீஸ்ல போயி வாக்குமூலம் குடுத்தேன்."

அண்ணா, உன்னை என்ன செய்வது? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லமாட்டாய். உன் ஆட்டக்காரர்களை நீ ஒருநாளும் அவர்கள் முகத்துக்கு நேராகப் பாராட்டியதில்லை, தலைக்கனம் வரும் என்பாய். எதிர் அணியின் வாத்தியாரிடம் போய்த்தான் மணிக்கணக்கில் புகழ்வாய். மகளையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாய்!

மஞ்சு அழுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா ஒரு பாயிண்ட் குடுத்துட்டாரு அத்தை! அவரு யாருக்குமே லேசுல குடுக்கமாட்டாரே!" ரத்னாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ரத்னா ஒன்று கேட்டாள்: "சரி கண்ணு, நாங்க எந்தக் கோட்டுக்கு ஓடறது?"

ஓடியவள் கோழையில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஓட வழியில்லாமல் இங்கேயே இருந்து, அதே வாசலில் மறுபடி வேலைக்குப் போய், உண்மையையும் சொன்னவளை என்னவென்று சொல்வது? உனக்குத் தெரிந்திருக்குமோ?

தொழிற்சாலை இப்போது வேறு நிர்வாகத்தில் ஓடுகிறது. விரிசல் விட்ட பாகங்களை வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழித்ததைத் தனியாக வைக்க இப்போது பூட்டுப் போட்ட கூண்டு இருக்கிறதாம். "சாவி எங்கிட்டதான்" என்று ரத்னா பெருமையடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி கோர்ட்டில் மஞ்சு சாட்சி சொல்கிறாள். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் "ஏன் ஓடினீர்கள்?" என்று கேட்காமல் விடமாட்டார். ரத்னாவிடம் சொன்ன அதே பதிலைத்தான் அங்கேயும் சொல்லப்போவதாகச் சொல்கிறாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அவள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது நானும் ரத்னாவும் அவள் கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்போம். சாட்சி முடிந்ததும் ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி, பெங்களூர் விமான நிலையம் வரை நானே கூடப் போவேன். இருந்துவிடேன் என்று கெஞ்சமாட்டேன், புறங்கையால் கண்ணைத் துடைக்கவும் மாட்டேன். பத்திரமாகப் போ, வேண்டும்போது வா என்று வாய் நிறையச் சிரித்து அனுப்பிவைப்பேன்.

வழக்காட இனி நீ இல்லாமல் தவிக்கும்,
உன் தங்கை,
மஞ்சுவின் அத்தை,
சரோஜா