மேலே போக மறுத்த சாம்பியன்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் உன் கணுக்காலும் சுகமா? கோப்பையோடு நிற்கிற உன் படம் வந்தது, அப்பா அதை நம் சலவைக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டு, துணி வாங்க வருகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, தேசிய இரண்டாம் பிரிவு மகளிர் வாலிபால் லீக்கில் சாம்பியன் என்று காட்டுகிறார், ‘இரண்டாம்’ என்பதை மட்டும் இருமலோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து கடையில் வேலையே ஓடவில்லை. முதல் பிரிவுக்குப் போவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்களாம், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்களாம், கேப்டனான நீ கை தூக்குகிற பக்கம்தான் மற்றவர்களும் சாய்வார்களாம், சித்தியைக் கேட்டதற்கு அங்கேயே இரு என்றாளாம். கேட்க உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

உன் சித்தி என் கூடப்பிறந்தவள்தான், அதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? போன வாரம் அவளும் அவள் அணிக்காரிகளுமான பழைய சாம்பியன்களின் சட்டைகள் இஸ்திரிக்கு வந்தன. லீக் தொடங்கும் நாளில் அந்த மகாராணிகள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் கை ஆட்டுவார்களே, அதற்குத்தான். அப்பா மறுபடியும் பக்கத் தையலைப் பிரித்துக் கொடுத்தார், இனி விடுவதற்குத் துணி இல்லை. முதுகில் ஜெயித்த வருடத்துக்கு ஒன்றாக வரிசையாய் நட்சத்திரங்கள். அத்தனை எப்படி வந்தது தெரியுமா? ஒவ்வொரு முறை இரண்டாம் பிரிவில் ஜெயித்ததும் மேலே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடமும் கீழேயே நின்று கற்றுக்குட்டிகளைப் போட்டு அடித்தார்கள். ஐந்தாம் வகுப்பு பாஸ் செய்தவள் அதே பெஞ்சில் உட்கார்ந்து வருடா வருடம் முதல் மார்க் வாங்கினால் அவளைக் கெட்டிக்காரி என்பார்களா? ஒரு வருடம் வண்டி வசதி இல்லை, ஒரு வருடம் கோச்சுக்கு முதுகுவலி, ஒரு வருடம் உன் சித்திக்குக் கல்யாணம். கல்யாணமான கையோடு கீழே ஆட வந்தாளே, அதற்கு மட்டும் மாப்பிள்ளை விட்டாராக்கும்.

ஒரு வருடம் முதல் பிரிவில் இவர்கள் வேண்டாம் என்ற இடம் ஃபைனலில் இவர்களிடம் தோற்ற அணிக்குப் போனது. உன் சித்தி ‘ஒட்டடைக்குச்சிங்க’ என்பாளே, அந்தப் பெண்கள்தான். முதல் வருடம் மேலே எல்லா ஆட்டத்திலும் உதை வாங்கினார்கள், நாங்க போயிருந்தா இந்த அசிங்கம் எங்களுக்குத்தானே அக்கா என்று இவள் கைகொட்டிச் சிரித்தாள். இப்போது அவர்கள் அங்கே மூன்றாம் இடம், அடிப்பதற்குப் பந்தை எடுத்துக்கொடுக்கிற அவர்களின் செட்டர் தேசிய அணியில் ஆடுகிறாள். உன் சித்தி சட்டையை வாங்க வந்த அன்று கடை டிவியில் அந்த செட்டரின் ஆட்டம்தான் ஓடியது. உன் சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இவள நான் ஃபைனல்ல அழ வச்சிருக்கேன் என்றாள். துணிக்குக் காத்திருந்தவர்கள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, இளக்காரமாகத்தான் இருந்தது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து அப்படித் தோன்றியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மேலே போனால் தோற்போம் என்று பயப்படுகிறாய். தோற்பீர்கள்தான், உன் அப்பாவைப் போல சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது. உன்னைவிட ஒரு சாண் உயரமானவள் உன் தலைக்கு மேலே பந்தை இறக்குவாள், பேப்பரில் எழுதுகிறவன் கிண்டல் செய்வான், நாலு நாள் சாப்பாடு இறங்காது. அதனால் யாரும் செத்துப்போனதில்லை. உன் சித்திக்கு இத்தனை வருடமாக இறங்காமல் இருப்பது தோல்வி இல்லை, மேலே போகாமல் விட்டது.

கணுக்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கிறவள் கையைப் பார்க்காமல் உன் கையைத் தூக்கு. நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மேலே போ, எல்லா ஆட்டத்திலும் தோற்றுவிட்டு வா, ஸ்டேஷனுக்கே வந்து உன் பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா