மதிலோரத்து வெள்ளை மந்தாரை

இன்று காலை, மொட்டையாக நிற்கும் மந்தாரைக் கிளையை நகத்தால் சுரண்டினேன். பட்டைக்கு அடியில் பச்சை. அந்த ஈர வாசனை விரலில் ஏறியதும் உன் நினைவு வந்தது. நீ இல்லாமல் வரும் முதல் பனிக்காலம் இது.

பீங்கான் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் பொம்மைகளுக்குக் கண் எழுதிய நாட்களில்தான், கம்மாபுரத்துப் பக்கமிருந்த உன் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, வாசல் மந்தாரையின் காய்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய். நீ குடிவந்த வாடகை வீட்டுக்காரம்மா தொட்டிகூட வைக்கக் கூடாதென்றுவிட்டார். "உங்க வூட்டுக் கொல்லையில வெச்சிடறேன். நீ ஒண்ணும் பாக்க வேணாம்" என்றாய். பிறகு தினமும் வந்து என்னை ஏவிக்கொண்டே இருந்தாய்.

சூளைக்கல் மதில் காற்றைத் தடுக்கும், வெயிலும் நன்றாக விழும் என்று அந்த மூலையை நீதான் தேர்ந்தெடுத்தாய். செடி என் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளை வெளேரென்று பூத்தது. பனியில் இலையெல்லாம் கொட்டியதும் நான் பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். குடத்தைப் பிடுங்கிக்கொண்டாய். "சாவலடி, துணி மாத்திக்குது. நீ அந்தாண்ட போ."

இப்போது என் மகன் கார் வாங்கியிருக்கிறான். நிறுத்த அந்த மூலைதான் வேண்டுமாம். நேற்று மரம் வெட்டுகிறவரையே கூட்டி வந்துவிட்டான். "காஞ்சி போன குச்சிம்மா. வேற செடி வாங்கித் தரேன்." நான் செடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்தவர், "நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்புடுங்க" என்று டீ குடித்துவிட்டுப் போனார். மகன் சாப்பிடாமல் படுத்தான். படுக்கட்டும்.

காலையில் அவனைக் கூப்பிட்டு அந்தப் பச்சையைக் காட்டினேன். "சரிம்மா, காரை எங்க வுடறது?"

"தெருவுல வுடு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ்ஸில் போகும்போது ஒருமுறை சுரங்கத்து மண்மேட்டைக் காட்டி, "அங்கதான் எங்க வூடு இருந்துது" என்றாய். எனக்கும் அன்று மண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உன் வீட்டு வாசலில் இருந்ததில் மிச்சம் இந்தச் செடிதான்.

ஊரையே கேட்டவர்களிடம் முடியாது என்று உன்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தக் கஷ்டமில்லை. இந்த நாலடி மண்ணைக் கேட்பவன் நான் பெற்ற பிள்ளை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.